ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் ஒரே கூரை

சில வருடங்களுக்கு முன் அக்கா மகளை ஓர் இன்னிசை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். இறகுப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் கட்டிய உள்ளரங்கம் அது. எந்த அரங்கம் என்பது இங்கே வேண்டாம். கொஞ்சம் அதிக விலை கொடுத்து மேடைக்குப் பக்கத்தில், தரையில் போட்ட நாற்காலிகளில் இடம் வாங்கியிருந்தேன். நடுவில் ஒரு நாட்டுப்புறப் பாட்டு. தவில்காரர் தனியாக ஒரு சுற்று வாசித்தார். கை விழுந்ததும் சத்தம் நெஞ்சில் இடித்தது. அடுத்த கணம் எங்கள் முதுகுக்குப் பின்னால், அரங்கத்தின் கடைசியிலிருந்து, அதே சொல் இன்னொரு தடவை வந்தது. வாசிப்பு வேகம் பிடிக்கப் பிடிக்க முன்னாலிருந்து வருவதும் பின்னாலிருந்து வருவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தவில் வெறும் உருளலாகிப் போனது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, பின்னாடி இன்னொருத்தர் வாசிக்கிறாரா?"

பின்னால் சுவர்தான் இருந்தது. எங்களிடமிருந்து எழுபது மீட்டர் தள்ளி, பூசி வெள்ளையடித்த வெறும் சுவர். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். போய்த் திரும்ப 140 மீட்டர் என்றால் 0.4 நொடி. கைதேர்ந்த தவில்காரர் ஒருவர் அந்த நேரத்தில் நாலைந்து சொற்களை உதிர்த்துவிடுவார். இரண்டாவது தவில்காரர் பிறந்தது இந்தக் கணக்கில்தான்.

அதே மாதிரி அரங்கத்தில் ஒரு கபடிப் போட்டியில் உட்கார்ந்து பாருங்கள். ரைடர் கோட்டைத் தொட்டதும் எழும் கூச்சல் சுவர்களில் மோதித் திரும்பி, ஐயாயிரம் பேரைப் பதினைந்தாயிரம் பேராக்கிக் காட்டும். விளையாட்டு வீரருக்கு அந்த எதிரொலி வரம். பாட்டுக்காரருக்கு அதே எதிரொலி எமன். பெருநகரங்கள் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் ஒரே கூரை போதும் என்று நூற்றைம்பது வருடங்களாகக் கட்டிவருகின்றன. அது போதுமா, எந்த இடத்தில் போதும், சென்னை போன்ற ஊருக்கு எது வேண்டும் என்பதைத்தான் பார்க்க நினைக்கிறேன். எத்தனை ஆயிரம் இருக்கை என்ற எண்ணைத்தான் எல்லா அறிவிப்பிலும் முதலில் சொல்கிறார்கள். உள்ளே காதுக்கு என்ன கிடைக்கிறது, முடிந்தபின் கால்கள் எந்த வழியாக வீடு போய்ச் சேர்கின்றன என்ற இரண்டையும் யாரும் சொல்வதில்லை. ஓர் அரங்கத்தின் தரம் இந்த இரண்டில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

சென்னையில் இந்தக் கேள்விக்கு ஒரு விலாசம் உண்டு: பெரியமேடு. சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் ரிப்பன் மாளிகையையும் தாண்டினால் வரும் அந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் மக்கள் பூங்கா. ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவல்யன் 1859-60இல் ஊர் ஜனங்கள் காற்று வாங்கவென்று போட்ட தோட்டம். மிருகக்காட்சி சாலை அங்கேதான் இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதை 'உயிர் காலேஜ்' என்றும் எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொன்ன காலத்தை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். விலங்குகள் வண்டலூருக்குப் போயின. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. பூங்காவின் நிலத்தில் மிச்சமிருக்கும் பெரிய பொது இடம் என்றால் இன்றைக்கு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம்தான்.

அதற்கு முன் அங்கிருந்த மைதானத்தின் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இந்த மண்ணில். மன்கட் 231, ராய் 173. அந்தச் சாதனையை முறியடிக்க உலகத்துக்கு 52 வருடம் பிடித்தது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் மெக்கன்சியும் ஸ்மித்தும் சிட்டகாங்கில் 415 எடுத்தார்கள். சேப்பாக்கம் என்றால் கிரிக்கெட் என்று நாம் பழகிவிட்டதால் பெரியமேட்டில் 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் போட்டிகள் நடந்ததே பலருக்குத் தெரியாது. கிரிக்கெட் மீண்டும் சேப்பாக்கத்துக்குப் போனது. மைதானம் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் ஆகி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுமார் 40,000 பேர் உட்காரும் அரங்கமாக எழுந்தது. 1995இல் பக்கத்திலேயே 8,000 பேருக்கான உள்விளையாட்டரங்கம் வந்தது. அந்த டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைச் சென்னை நடத்தியது.

அதிலிருந்து அந்த உள்ளரங்கம் என்னென்ன பார்த்துவிட்டது! 2017 அக்டோபரில் புரோ கபடி இறுதிப் போட்டி; பாட்னா 55-38 என்று குஜராத்தை வென்றது. 2022 ஜூலை 28 அன்று சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழா. இளையராஜா 2011 டிசம்பர் 28இல் மேடையேறியதும் இங்கேதான். திரைப்பட இசை வெளியீடுகளுக்கு இது ஊரின் முதல் இடமாகிவிட்டது. 'லியோ' படத்தின் இசை வெளியீடு 2023 செப்டம்பரில் நடப்பதாக இருந்து, அனுமதிச் சீட்டுக் கேட்டவர்கள் அளவுக்கு மீறிப் போனதால், பாதுகாப்பை முன்னிட்டுக் கைவிடப்பட்டது. ஒரு கோடிக்கு மேல் ஜனம் வாழும் மாநகரில் கூரையுள்ள பெரிய பொது அரங்கம் என்று கைகாட்ட அநேகமாக இது ஒன்றுதான். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, காமராசர் அரங்கம் எல்லாம் சில நூறிலிருந்து இரண்டாயிரம் சொச்சம் பேர் வரைக்கும்தான். அதற்கு மேல் ஆள் வந்தால் தீவுத்திடல், நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், இல்லையென்றால் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு திறந்தவெளி. இடையில் எதுவும் கிடையாது.

விளையாட்டரங்கத்தில் பாட்டு நடத்துவது எங்கே இடிக்கிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். விளையாட்டு நடுவில் நடக்கிறது. ஆண்களுக்கான கபடிக் களம் 13க்கு 10 மீட்டர். கூடைப்பந்துக் களம் 28க்கு 15. நாலு பக்கமும் இருக்கைகள் அதைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், கோயில் குளத்துப் படிகள் போல. கச்சேரி மேடையோ ஒரு ஓரத்துக்குப் போகிறது. உடனே மேடைக்குப் பின்னாலுள்ள இருக்கைகள் எல்லாம் வீண். பக்கவாட்டில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பியே மூன்று மணி நேரம் கழிக்க வேண்டும். நாற்பது மீட்டரில் இருக்க வேண்டியவர் எண்பது மீட்டருக்குத் தள்ளப்படுகிறார். குத்துச்சண்டை வளையம் போல மேடையை நடுவில் வைத்துப் பாடுபவர்களும் உலகத்தில் உண்டு. ஆனால் வாத்தியக்காரர் நாற்பது பேரும் கோரஸும் ஆட்டக்காரர்களும் சேர்ந்த நம் திரையிசை நிகழ்ச்சிக்குப் பின்புறம் என்று ஒன்று இல்லாமல் முடியாது.

அடுத்தது கூரை. இன்றைய நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கி, விளக்கு, எல்இடி திரை எல்லாம் மேலிருந்து தொங்குகின்றன. பல டன் பாரம். மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் கணக்குப் போட்டுக் கட்டிய கூரை அதைத் தாங்காது. தாங்காத இடத்தில் தரையிலிருந்து இரும்புத் தூண்கள் எழுப்பி அதன்மேல் கட்டுவார்கள். தூணுக்குப் பின்னால் டிக்கெட் வாங்கியவர் பாடகரின் பாதி முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். கட்டும்போதே கூரைச் சட்டத்தைக் கனமாக்குவதற்கு ஆகும் செலவு, பின்னால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தூண் எழுப்பும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சங்கதி ஒலிதான். இந்த இயலுக்கு அடித்தளம் போட்டவர் வாலஸ் சபைன் என்ற ஹார்வர்டு ஆசிரியர். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில், பேசுகிறவர் சொன்ன ஒரு வார்த்தை ஐந்தரை நொடி அலைந்துகொண்டே இருந்தது. அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து வார்த்தைகள் அதன்மேல் விழுந்துவிடும். சரி செய்யச் சொல்லி அவரிடம் கொடுத்தார்கள். அவர் இரவுகளில், தெரு அடங்கியபின், பக்கத்து நாடக அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வரச்செய்து, ஓர் ஆர்கன் குழாயையும் நேரமானியையும் வைத்துக்கொண்டு, எத்தனை மெத்தை போட்டால் ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். கிடைத்த விதி எளிமையானது. கூடம் பெரிதாக ஆக ஒலி நீடிக்கும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக்கூடச் சீக்கிரம் அடங்கும். மனித உடம்பும் உடையும் நல்ல உறிஞ்சிகள் என்பதையும் அவர் அளந்து சொன்னார். மாலை நாலு மணிக்குக் காலி அரங்கில் சவுண்ட் செக் பார்த்தவர், எட்டு மணிக்குக் கூட்டம் நிரம்பியதும் எல்லாவற்றையும் மறுபடி திருத்துவது அதனால்தான்.

நம் உள்விளையாட்டரங்கங்கள் பலவற்றின் உள்ளே நிமிர்ந்து பாருங்கள். மேலே இரும்புத் தகடு, கீழே மரத்தளம், சுற்றிலும் கான்கிரீட் படி, பிளாஸ்டிக் இருக்கை, பின்னால் பூச்சுச் சுவர். ஒலியை விழுங்க ஓர் அங்குல இடமில்லை. இதற்கு மருந்து உலகறிந்தது. பின்சுவரிலும் கூரையின் அடியிலும் துளையிட்ட பலகை போட்டு அதன் பின்னால் பஞ்சு மாதிரி கம்பளி நிரப்பலாம். கனத்த திரைகளை நிகழ்ச்சி நாளில் இறக்கிவிட்டுப் போட்டி நாளில் ஏற்றிவிடலாம். அரங்கத்தின் பாதித் தூரத்தில் இன்னொரு வரிசை ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டு, மேடையிலிருந்து ஒலி அங்கே வந்து சேரும் நேரம் வரை அதைத் தாமதித்து ஒலிக்கச் செய்தால், கடைசி வரிசைக்காரருக்கும் பாட்டு ஒரே இடத்திலிருந்து வருவது போலத் தெளிவாகக் கேட்கும். முன்வரிசைக்காரரின் காதைக் கிழித்துக் கடைசி வரிசையை எட்ட வேண்டிய அவசியமில்லை. இதில் எதுவும் கட்டடத்தை இடித்துக் கட்டும் வேலை கிடையாது.

மருந்து கண்டுபிடிக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் சாட்சி. 1871 மார்ச் 29இல் திறந்த அன்றே பிரார்த்தனையின் கடைசிச் சொல் அந்தக் குவிமாடத்தில் எதிரொலித்துத் திரும்பியது. துணி கட்டிப் பார்த்தார்கள், வேறென்னவோ செய்து பார்த்தார்கள். 1969இல்தான் 135 கண்ணாடியிழைத் தட்டுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். காளான் குடைகள் கவிழ்ந்து மிதப்பது போலிருக்கும். பிற்பாடு நடந்த சோதனைகளில் எண்பத்தைந்தே போதும் என்று தெரிந்து மற்றதை எடுத்துவிட்டார்கள். நோய் தீர ஏறத்தாழ நூறு வருடம். அதுவும் வெறும் பாட்டு மண்டபம் இல்லை. குத்துச்சண்டை, டென்னிஸ், 1991இல் ஐந்து நாள் ஜப்பானிய சுமோ என்று எல்லாம் நடந்த நீள்வட்டக் கூடம். ஆட்டமும் பாட்டும் அங்கே ஒத்துப் போனதற்குக் காரணம், காதின் குறையைக் குறை என்று ஒப்புக்கொண்டு அதற்குப் பணம் செலவழித்ததுதான்.

காதை விட்டுக் காலுக்கு வருகிறேன். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் இன்றிருப்பது அந்தப் பெயரில் வந்த நாலாவது கட்டடம். 1879இல் முதலாவது, 1890இல் இரண்டாவது, 1925இல் மூன்றாவது, 1968இல் இது. பென் ஸ்டேஷன் ரயில் நிலையத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து இருபதாயிரம் பேர் இறங்கினால் காலடியில் ரயில். கார் நிறுத்த இடம் தேடி யாரும் அலைய வேண்டாம். 1971 மார்ச் 8இல் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய அதே கூரையின் கீழ், ஐந்து மாதம் கழித்து ஆகஸ்ட் 1 அன்று, பங்களாதேஷ் அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நிகழ்ச்சி நடத்தினார்கள். சிதாரும் சரோதும் தபலாவும் சுருதி சேர்த்து முடித்ததற்கே கூட்டம் கைதட்டியதும், ரவிசங்கர் அதற்கு நன்றி சொல்லிவிட்டு வாசிப்பைத் தொடங்கியதும் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த வசதிக்கு அந்த ஊர் கொடுத்த விலை பெரிது. அரங்கத்துக்கு இடம் வேண்டும் என்று 1963இல் ரயில் நிலையத்தின் அழகான பழைய மாளிகையை இடித்தார்கள். மக்கள் கொதித்தார்கள். பழம்பெரும் கட்டடங்களைக் காக்கும் சட்டம் 1965இல் அங்கே வந்ததற்கு அந்த இடிப்பு முக்கியக் காரணம். நிலையம் தரைக்கடியில் நெருக்கப்பட்டு இன்றும் மூச்சு முட்டுகிறது. அரங்கம் அங்கேயே இருக்கலாமா என்ற வழக்கு ஓயவில்லை. 2013இல் பத்து வருட அனுமதி கொடுத்த மாநகரம் 2023இல் ஐந்து வருடம்தான் கொடுத்தது. ரயிலுக்குப் பக்கத்தில் கட்டுவது நல்லது. ரயிலின் தலையில் கட்டுவது வேறு.

சிங்கப்பூரின் காலாங் முதல் வழியைப் பிடித்தது. கென்சோ டாங்கே வடிவமைத்த உள்ளரங்கம் 1989இல் 12,000 பேருக்குத் திறந்தது. 55,000 பேருக்கான தேசிய அரங்கம் 2014இல் வந்தது. அதன் குவிமாடக் கூரையின் விரிவு 310 மீட்டர், நடுவில் ஒரு தூண் கிடையாது. அது வருவதற்கு நாலு வருடம் முன்பே, 2010இல், ஸ்டேடியம் என்ற பெயரிலேயே எம்ஆர்டி நிலையம் திறந்துவிட்டது. முதலில் ரயில், பிறகு அரங்கம். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு பாடியபோது வந்த மூன்று லட்சம் பேரை ஊர் ஏந்திக்கொண்டதில் அந்த வரிசைமுறைக்குப் பங்குண்டு.

காலாங்கிலும் எல்லாம் சரியாக அமையவில்லை. கூரையின் நிழலில் புல் பிடிக்கவில்லை. 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆடியபோது திடல் மணலும் திட்டுமாகக் கிடந்தது. பிறகு புல்லுக்கென்று விளக்கு வைத்தார்கள், திடலையே மாற்றினார்கள். 25 வருட ஒப்பந்தத்தில் தனியார் கூட்டமைப்பு நடத்துவதாக இருந்த வளாகத்தை 2022 டிசம்பரில் அரசே எடுத்துக்கொண்டது. லாபக் கணக்குப் போடுகிறவரிடம் சாவி இருந்தால் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நாள் கிடைப்பது கஷ்டம் என்பதை அந்த ஊர் எட்டே வருடத்தில் கற்றது. நம் ஊரில் யார் நடத்துவது என்ற பேச்சு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. பெரியமேட்டு அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருப்பதை நான் பலமாகவே நினைக்கிறேன்.

இனி நம் ஊர்க் கால்கள். 2023 செப்டம்பர் 10இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப் போனது. திறந்தவெளி என்றால் அப்படித்தான். அன்றைக்கு டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள். ஈசிஆரில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. கூட்ட நெரிசலில் பெண்கள் பட்ட கஷ்டம் நெஞ்சைப் பதற வைத்தது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே பொதுவில் அறிவித்தார். ரயில் இல்லாத, ஒரே சாலையை நம்பிய இடத்தில் பல்லாயிரம் பேரைக் கூட்டினால் எவ்வளவு கெட்டிக்காரர் நடத்தினாலும் சிக்கல் வரும். அடுத்த வருடம் அக்டோபர் 6இல் மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயிலும், தண்ணீர் கிடைக்காததும், ஒரே நேரத்தில் எல்லாரும் கிளம்பியதும் சேர்ந்துகொண்டன.

நெரிசலைக் 'கூட்டம் கட்டுக்கடங்கவில்லை' என்று எழுதிவிடுவது நம் வழக்கம். கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பது கதவுகளின் வேலை. 1979 டிசம்பர் 3இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், விளையாட்டுக்கும் கச்சேரிக்கும் பொதுவான ஓர் அரங்கத்தின் வாசலில் பதினோரு பேர் நெரிபட்டு இறந்தார்கள். 'தி ஹூ' குழுவின் நிகழ்ச்சி. இருக்கை எண் கிடையாது, முந்தியவருக்கு முன்வரிசை என்று டிக்கெட் விற்றிருந்தார்கள். திறந்திருந்ததோ சில கதவுகள்தான். 2025 ஜூன் 4இல் பெங்களூரு சின்னசாமி அரங்கத்தின் வாசல்களில், கோப்பை வென்ற அணியைப் பார்க்க வந்தவர்களில் இறந்தவர்களும் பதினோரு பேர். இரண்டு இடத்திலும் சாவு உள்ளே நடக்கவில்லை. யாருக்கு எந்தக் கதவு என்று தெரியாமல் வெளியே நின்றவர்களுக்குத்தான் நடந்தது.

கதவுக்குக் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் வழிகாட்டி நூலில், சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் போகலாம் என்று போட்டிருக்கிறது. சாதாரண நாளில் எல்லாரும் இருக்கையை விட்டு வெளியேறும் வழியை அடைய எட்டு நிமிடம் என்பது உச்ச வரம்பு. இதை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 8,000 பேர் படி வழியாக இறங்க மொத்தம் ஏறத்தாழ 15 மீட்டர் அகலம் திறந்திருக்க வேண்டும். 40,000 பேருக்கு 76 மீட்டர். கட்டும்போது அந்த அகலம் இருந்திருக்கலாம். நிகழ்ச்சி நாளில் அதில் பாதிக் கதவைப் பூட்டி, 'விஐபி வழி' என்று ஒன்றை ஒதுக்கி, மூன்றாவதன் முன்னால் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டால் கணக்கு காற்றில் போய்விடும். எனக்குத் தெரிந்து எந்த டிக்கெட்டிலும் வெளியேறும் வாசலின் எண்ணை அச்சிடுவதில்லை. உள்ளே வரும் வாசலின் எண்ணை மட்டும் அச்சிடுகிறார்கள்.

பெரியமேட்டின் பலம் இங்கேதான் தெரியும். சென்ட்ரலும் எழும்பூரும் நடந்து போகும் தூரம். நேரு பூங்கா மெட்ரோ 2017இல் திறந்தது, சென்ட்ரல் மெட்ரோ அடுத்த வருடம். பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையம், புறநகர் ரயில், பேருந்து எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில். தாம்பரத்துக்காரரும் ஆவடிக்காரரும் திருவொற்றியூர்க்காரரும் ஒரே வண்டியில் வீடு போய்ச் சேரக்கூடிய இடம் ஊரில் இதைப் போல இன்னொன்று இல்லை. ஐபிஎல் போட்டி டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போகும் ஏற்பாடு சேப்பாக்கத்துக்கு வந்தபோது சாலை நெரிசல் குறைந்ததைக் கண்ணால் பார்த்தோம். அதே ஏற்பாட்டைப் பெரியமேட்டில் ஒவ்வொரு கச்சேரிக்கும் கபடிக்கும் செய்துவிடலாம், நிகழ்ச்சி முடிந்து ஒரு மணி நேரம் வரை ரயில் ஓடும் என்ற உறுதியோடு.

முட்டுக்காட்டில் பெரிய பன்னாட்டு மாநாட்டு மையம் எழும்புகிறது. வரட்டும், அதன் தேவை வேறு. ஆனால் ஊரின் பாட்டுக்கும் ஆட்டத்துக்குமான பெரிய கூரையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால், கார் வைத்திருப்பவருக்கு மட்டும் பாட்டு என்றாகிவிடும். இரவு பதினொன்றரைக்கு ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க முடிந்தவர்தான் இளையராஜாவை நேரில் கேட்கலாம் என்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பாட்டுகளைத் தெரு டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் வாழ வைத்தவர்கள் பஸ்ஸில் வந்து கேட்க ஓர் இடம் வேண்டும். என்னைக் கேட்டால் பெரியமேட்டில் உள்ளதற்குக் காது கொடுங்கள் என்பேன். பின்சுவருக்கு உறிஞ்சுபலகை, பாரம் தாங்கும் கூரைச் சட்டம், நிரந்தரமான இடைநிலை ஒலிபெருக்கி வரிசை. அதன் பிறகு பதினைந்தாயிரம் பேருக்கான இன்னொன்றைக் கட்டுவதானால் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஏதாவதொரு நிலையத்தின் வாசலில் கட்டுங்கள், ரயில் ஓடத் தொடங்கிய பிறகு.

ஒரே தளம் இரண்டு வேலை செய்வதைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஐஸ் ஹாக்கி முடிந்ததும் பனித்தளத்தை உருக்குவதில்லை. அதன்மேல் குளிர் ஏறாத பலகைகளைப் பரப்பி, அதற்கும் மேல் கூடைப்பந்து மரத்தளத்தைத் துண்டு துண்டாகப் பூட்டுகிறார்கள். சில மணி நேரத்தில் பனி தரையாகிவிடுகிறது. அதைச் செய்பவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் வராது.

தவில் கேட்ட அன்றைக்கு எங்களுக்கும் அப்படி ஒருவரைப் பார்க்க வாய்த்தது. கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தோம். நாற்காலிகள் அடுக்கப்பட்டன. தளத்தின்மேல் போட்டிருந்த பிளைவுட் பலகைகளைத் தூக்கினார்கள், அடியில் விரித்திருந்த கம்பளத்தைச் சுருட்டினார்கள். இறகுப்பந்துக் கோடுகள் வெள்ளையாக வெளியே வந்தன. எல்லாரும் இரும்புச் சட்டத்தைக் கழற்றப் போனபின், ஐம்பது வயதிருக்கும் ஒருவர் மட்டும் முட்டி போட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே நகர்ந்தார். கோட்டுக்குக் கோடு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்க்ரூ, பின்னு, ஏதாச்சும் கிடக்கும் சார். பெருக்கினா வராது, கைக்குத்தான் தெரியும். காலைல ஆறு மணிக்குப் பசங்க ஆட வந்துருவாங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிர் மூலையில் உட்கார்ந்து தடவ ஆரம்பித்தாள். கடைசி ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.